டைரியில் ஒரு வரி

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகிற பஸ்ஸில் எப்போதாவது போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். இருபது கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென்று ஒரு பாறை. அதன் தலையில் ஒரு கோட்டை. கோட்டையின் வெளிச்சுவரை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி பைரவர். டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் கிளம்புவார்கள். லாரிக்காரர், கார்க்காரர், புது பைக் வாங்கியவர் எல்லாருக்கும் கோட்டை பைரவர்தான் வழித்துணை.

என் சித்தப்பாவும் அங்கே வண்டியை நிறுத்துவார். அவர் ஓட்டியது ரோடு ரோலர்.

"மணிக்கு மூணு கிலோமீட்டர் போற வண்டிக்கு எதுக்கு சித்தப்பா வழித்துணை?" என்று கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயசிருக்கும்.

"வேகமாப் போறவன் சீக்கிரம் போய்ச் சேந்துருவான்டா. நாமதானே ரோட்டுலயே கெடக்கணும்" என்றார்.

சித்தப்பா எட்டாங்கிளாஸ். நெடுஞ்சாலைத் துறையில் வேலை. அப்போதெல்லாம் கரி போட்டு ஓட்டுகிற நீராவி ரோலர்கள் இருந்தன. கண்மாயிலிருந்து தண்ணீர் சுமந்து கொட்ட வேண்டும். பள்ளிக்கூட லீவு விட்டால் நான் அவரோடுதான். ரோலரின் பின்னாலேயே நடப்பேன். ஜல்லி நொறுங்குகிற அந்தச் சத்தத்தை இன்றைக்கும் எனக்குப் பிடித்த சங்கீதம் என்று சொன்னால் என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருக்கு ஒரு வித்தை தெரியும். ரோட்டில் கிடக்கிற ஜல்லியில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காதில் வைத்துக் கேட்பார். "இது பாடுது. இது அழுவுது. அழுவுற கல்லைப் போட்டா ரெண்டு மழைக்கு ரோடு தாங்காது" என்பார். ஜல்லியின் நிறத்தைப் பார்த்தே எந்த ஊர்ப் பாறையை உடைத்தது என்று சொல்வார். கப்பி ரோடு தார் ரோடாக மாறியது, மைல் கணக்கு கிலோமீட்டர் கணக்காக மாறியது, எல்லாம் அவர் சர்வீசில் நடந்தவை. பிடுங்கிப் போட்ட மைல்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்தார். சித்தி பல வருஷம் '11 மைல்' மீதுதான் துணி துவைத்தாள்.

திருமயம் கோட்டைக்கு என்னை முதலில் கூட்டிப்போனவரும் அவர்தான். இப்போது தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கிறது. அப்போது ஆடு மேய்க்கிறவர்களும் நாங்களும்தான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது மிஞ்சியிருப்பது சில. சேதுபதி என்ற பட்டத்துக்கே ராமேஸ்வரம் போகிற சேது வழியைக் காப்பவர் என்றுதான் அர்த்தம். காசியிலிருந்தும் சோழ தேசத்திலிருந்தும் நடந்து வருகிறவர்களுக்கு இந்தப் பாறை வெகு தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். கோட்டைக்கு முன்னாலிருந்தே வழி இருந்தது, வழிக்குக் காவலாகத்தான் கோட்டை வந்தது என்பது சித்தப்பாவின் கட்சி. ரோடு போடுகிறவர் வேறென்ன சொல்வார்?

பாறையின் தெற்கு முகத்தில் குடைந்த இரண்டு கோயில்கள். ஒன்றில் சத்தியமூர்த்திப் பெருமாள், பக்கத்தில் சத்தியகிரீஸ்வரர். சயனத்தில் இருக்கும் பெரிய பெருமாள் தாய்ப்பாறையிலேயே செதுக்கியவர். ஒரே கல், இரண்டு சாமி. வருமானத்தைப் பிரிப்பதில் இரண்டு கோயிலுக்கும் சண்டை வந்து, 1245-ல் அப்பண்ணா என்ற ஹொய்சளத் தளபதி உட்கார்ந்து பஞ்சாயத்து பேசித் தீர்த்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. (கர்நாடகத்துக்காரர் வந்து நமக்குத் தீர்ப்புச் சொன்ன காலமும் இருந்திருக்கிறது.) ஊருக்கு இன்னொரு பெருமை, 1887-ல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது இங்கேதான்.

கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றபடி கேட்டேன்.

"இந்தப் பாறைக்கு என்ன வயசு சித்தப்பா?"

"ராமர் காலத்துக்கு முந்தினதுடா."

"ஆடாதா?"

உள்ளங்கையால் பாறையை ஓங்கித் தட்டினார். "இதுவா? இது ஆடுனா உலகமே இல்லேன்னு அர்த்தம்."

நான் பெரியவனாகி, ஒரு வங்கியில் குமாஸ்தாவாகி, சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் குடியேறியபோது பாறையும் ரோடும் மறந்துபோயிருந்தன. திரும்ப ஞாபகப்படுத்தியது கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கத்தில் பூமி குலுங்கியது. சுமார் 10 ஆயிரம் பேர் போய்விட்டார்கள். கொன்றது பூமியைவிட வீடுதான். சேற்றில் அடுக்கிய கனமான கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்தன. பேப்பரில் ஒரு வரி என்னை உலுக்கியது. தக்காணத்துப் பாறை அசையாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்களாம். சித்தப்பாவைப் போலவே விஞ்ஞானிகளும்!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சனி, ஞாயிறுகளில் நூலகம். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள். ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு டைரி. எந்த ஊர் போனாலும் ஒரு கல் எடுத்து வருவேன். பால்கனியில் துளசி மாடம் தவிர மீதி இடமெல்லாம் கல். "வீட்டு வாடகையில் பாதியை இதுங்களும் குடுக்கணும்" என்று மனைவி சொல்வாள்.

தெரிந்துகொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மெட்ராஸிலிருந்து போன கல் அது. ஹாலந்து என்ற புவியியல்காரர் 1893-ல் அந்தச் சமாதியின் ஞாபகமாகவே பெயர் வைத்தார். நம்மூர்க் கல், செத்துப்போன வெள்ளைக்காரர் பெயர். இன்னொன்று, புதுக்கோட்டைக்குக் கிழக்கே கிடக்கிற செம்புராங்கல். வெட்டும்போது வெண்ணெய் மாதிரி, வெயில் பட்டால் செங்கல் மாதிரி. இந்த வகைக் கல்லைக் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்த புகானன், 1807-ல் லத்தீன் மொழியில் செங்கல்லுக்கு உள்ள வார்த்தையை வைத்து லேட்டரைட் என்று எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பாறைகளைப் பற்றி ராபர்ட் புரூஸ் ஃபூட் 1879-ல் எழுதியிருக்கிறார். 1863-ல் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட். கரடு முரடான அந்த நாட்டில் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் திரிந்திருப்பார். அவருக்கும் ஏதாவது ஒரு வழித்துணை இருந்திருக்க வேண்டும்.

திருமயம் பாறை விஷயத்தில் சித்தப்பா சொன்னது சரிதான். ராமர் காலத்துக்கு முந்தியது, 50 கோடி வருஷத்துக்கு மேல் முந்தியது. கிரானைட்டும் அதன் சொந்தக்காரப் பாறைகளும் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் குழம்பாக இருந்து மெல்ல மெல்ல ஆறி இறுகியவை. அப்போது மடகாஸ்கர் நமக்குப் பக்கத்து வீடு. மேலே மூடியிருந்த மண்ணையும் கல்லையும் மழையும் காற்றும் கோடிக்கணக்கான வருஷம் கரைத்து எடுத்துப்போக, பாறை வெளியே வந்தது. தலைச்சுமை இறங்கியதும் உடம்பு லேசாகுமே, அப்படிப் பாறையும் கொஞ்சம் விரியும். விரியும்போது வெங்காயச் சருகு மாதிரி வளைவு வளைவாக உரியும். கோட்டையின் சரிவில் கால் வைத்துப் பாருங்கள், பாளம் பாளமாகத் தெரியும். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் இந்த உரித்த வெங்காயங்கள்தான். குழிகளில் தண்ணீர் தங்கித் தங்கி அரித்ததில் உண்டானவை சுனைகள். கல்லுடைக்கிறவர்களுக்கு இந்தப் பாளக் கணக்கு புவியியல் படிக்காமலே தெரியும். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடிப்பார்கள். சில இடங்களில் நெருப்பு மூட்டிச் சுடவைத்தே மேல்தகட்டைக் கிளப்பிவிடுவார்கள்.

அதெல்லாம் சரி, எனக்கு ஒரு குறை இருந்தது. இவ்வளவு படித்தும் ஒரு நில நடுக்கத்தைக்கூட என் உடம்பு உணர்ந்ததில்லை. 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூரை ஆட்டிய சுமார் 6 ரிக்டர் பூகம்பத்தைத் தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். அதற்கு நான் பிறக்கவில்லை. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் பூஜ் அழிந்தபோது சென்னையில் சிலருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்கில் பாண்டிச்சேரிக்கு எதிரே கடலுக்கு அடியில் 5.5. சென்னையே வீதிக்கு ஓடிவந்தது. நான் ஸ்கூட்டரில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, "டம்ளரெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். எட்டு வருஷமாகக் காத்திருந்தவன் நான். கிடைத்ததோ அவளுக்கு. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததற்கு இந்த அற்ப ஆசைதான் காரணம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டில் மெதுவாக, ஊஞ்சலை யாரோ ஒரு விரலால் தள்ளுவதுபோல் அசைந்தது. தலை சுற்றல் என்று நினைத்தேன். பார்த்தால் நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளியே ஓடவில்லை. ஓடிப்போய் டைரியை எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: '6.36. மெதுவான ஆட்டம். வெகு நேரம்.' கீழே இரண்டு கோடு போட்டேன்.

உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடம்? சித்தப்பாவிடம்தான்.

சித்தப்பாவும் சித்தியும் அப்போது வேளாங்கண்ணியில் இருந்தார்கள். மகளுக்கு ஏழாம் மாசம். முதல் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. மாதாவுக்கு வேண்டிக்கொண்டு, மருமகனைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தார்கள். பைரவர் கோயில் திருநீறு நெற்றியில் இருக்க மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சங்கடம் கிடையாது. மருமகனிடம் செல்போன் இருந்தது. கூப்பிட்டேன். சித்தப்பா வந்தார்.

"சித்தப்பா, பூமி ஆடுச்சு! இங்க ஆடுச்சு! அங்க தெரிஞ்சுதா?"

"இங்க ஒண்ணும் தெரியலையேப்பா. ஒனக்குப் பித்தமா இருக்கும், சுக்கு வெந்நி போட்டுக் குடி." சிரித்தார். "திருத்துறைப்பூண்டி தாண்டி ரோடு என்னமாப் போட்டிருக்கான்டா. ரோலர் ஒழுங்கா ஓடியிருக்கு."

"பாத்தீங்களா, நீங்க ஆடாதுன்னீங்க."

"நம்ம பாறை ஆடாதுடா. சரி, நான் கொஞ்சம் பொறுத்துக் கடல்ல முழுகிட்டு வாரேன். சித்தி கோயிலுக்குப் போகணும்ங்குறா."

"சரி சித்தப்பா. குளிச்சிட்டு வந்து கூப்பிடுங்க."

இதை நான் சொன்னேன். குளிச்சிட்டு வாங்க என்று.

சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் பூமி பிளந்தது நம்முடைய நேரப்படி 6.28-க்கு. 9.1 ரிக்டர். அதன் அதிர்ச்சி பாறை வழியாகச் சில நிமிஷத்தில் என் கட்டிலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் வழியாக வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்பது மணி வாக்கில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையில் அது ஏறியது. அந்த இரண்டு சொச்ச மணி நேரம் பூராவும் நான் சந்தோஷமாக இருந்தேன். இட்லி சாப்பிட்டேன். இன்னும் மூன்று நண்பர்களுக்குப் போன் பண்ணிப் பீற்றிக்கொண்டேன்.

சித்தி கோயிலுக்குள் இருந்ததால் தப்பினாள். மருமகன் டிபன் வாங்க ரோட்டுப் பக்கம் போயிருந்தார். சித்தப்பா மூன்றாம் நாள் கிடைத்தார். அடையாளம் சொன்னது இடது கைச் சுண்டுவிரல். ரோலர் சக்கரத்தில் பாதி போன விரல்.

திருமயத்துக்குக் கொண்டுவந்து காரியம் எல்லாம் செய்தோம். போன் பேசியதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருமகன் அப்போதிருந்த நிலையில் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைத்தும் கேட்கவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு தண்டனை போல மறுபடி படித்தேன். ஆட்டம் மெதுவாகவும் நீளமாகவும் இருந்தால், அதுவும் மாடியில் மட்டும் தெரிந்தால், நடுக்கம் வெகு தூரத்தில் என்று அர்த்தம். வெகு தூரத்தில் நடந்தும் கட்டிலை ஆட்டுகிறது என்றால் அது மிகப் பெரியது. சென்னைக்கு வெகு தூரத்தில், கிழக்கே, கடல்தான் இருக்கிறது. ஒரு மாணவன் போடக்கூடிய கணக்கு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபார் பக்கத்தில் ஒரு பூகம்பம், அதனால் எழுந்த அலை நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவியில் பதிவாகியிருக்கிறது. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் நம் கரையில் அலை தெரிந்திருக்கிறது. எல்லாம் எழுதி வைத்தவைதான். நான் கல்லைப் படித்தேன், தண்ணீரைப் படிக்கவில்லை.

அரசாங்கத்துக்கே தெரியவில்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் நம்முடைய மையம் 2007-ல்தான் வந்தது. ஆனால் அரசாங்கம் அன்றைக்குக் காலையில் என் சித்தப்பாவோடு போனில் பேசவில்லை. நான் பேசினேன்.

டைரியைப் பரணில் போட்டேன். பால்கனிக் கற்களை ஒரு கட்டிடக் காவலாளியிடம் கொடுத்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கல்லை மட்டும் எனக்குத் தெரியாமல் துளசி மாடத்துக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

2012 ஏப்ரல் 11, மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு மறுபடி ஆடியது. இந்த முறை வங்கியில். அதே சுமத்ரா, 8.6. எல்லோரும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்க, நான் படியில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டிருந்தேன். கடலூரில் ஒரு கஸ்டமர், ராமேஸ்வரத்தில் கூடப் படித்தவன், பெசன்ட் நகரில் மனைவியின் தங்கை. "கடலை விட்டு வாங்க, இப்பவே வாங்க" என்று கத்தினேன். பூமி அன்றைக்கு மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. அதனால் பெரிய அலை இல்லை. சாயந்தரம் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். மறுநாள் ஆபீஸில் எனக்குச் 'சுனாமி சார்' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான் பெயர். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அதன் பிறகுதான் டைரி பரணிலிருந்து இறங்கியது.

2025-ல் திருமயம் போயிருந்தேன். தங்கச்சி, அதாவது சித்தப்பா மகள், அங்கேதான் இருக்கிறாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவன் இப்போது கல்லூரி முடிக்கப்போகிறான். "வாங்க மாமா, தாத்தா போட்ட ரோட்டைக் காட்டுறேன்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

பழைய ரோடு தேடுவது கல் தேடுவதைவிடச் சுவாரஸ்யமானது. புது ரோட்டை நேராக்கும்போது பழைய வளைவுகளைக் கழற்றி விட்டுவிடுவார்கள். கண்மாய்க் கரைமேல் போகும், பாறையைச் சுற்றிக்கொண்டு போகும், திடீரென்று கருவேலங்காட்டில் முடியும். புளியமரங்கள் சில மட்டும் வரிசையாக நிற்கும், எதிரே வரிசை இருந்த இடம் காலி. அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால் ரோடு கிடைக்கும். இந்தச் சீமையில் ரோடெல்லாம் ஏன் கண்மாய்க் கரையில் ஏறுகிறது தெரியுமா? கீழே கெட்டிப் பாறை, மேலே ஒரு முழம் மண். பெய்த மழையைத் தேக்கினால்தான் உண்டு. ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். கரை கெட்டியாக இருந்தது, மாட்டு வண்டி அதன்மேல் போயிற்று, பிறகு நெடுஞ்சாலைத் துறையும் அதன்மேலேயே போயிற்று.

புதர் ஓரத்தில் ஒரு கல். மஞ்சள் தலை உரிந்துபோயிருந்தது. பையன் துடைத்துப் பார்த்தான்.

"மாமா, இதுல 210-னு போட்டிருக்கு. போன்ல 536-னு காட்டுது."

திருச்சியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் ஒரே 210 ஆக இருந்ததை 2010-ல் நம்பர் மாற்றியதைச் சொன்னேன். இப்போது திருச்சி - புதுக்கோட்டை 336. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் திருப்பத்தூர், மானாமதுரை போவது 36. திருமயத்தில் கிளை பிரிந்து காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் போவது 536. தெற்கு வடக்காகப் போகிற பெரிய சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்குக்கு ஒற்றைப்படை. கிளைக்கு முன்னால் ஒரு எண் ஒட்டு. இன்ஷியல் மாதிரி.

"அப்ப 536, முப்பத்தாறோட பிள்ளையா மாமா?"

"பிள்ளைதான்."

"திருமயத்துல பொறந்த பிள்ளை" என்றான். சித்தப்பா சிரிப்பு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது 'தொம்' என்றது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது.

"குவாரிண்ணே" என்றாள் தங்கச்சி. "இந்த நேரத்துக்குப் போடுவான்." சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதை மறைத்துக் காலண்டர் தொங்கியது.

வெடிக்கும் நடுக்கத்துக்கும் வித்தியாசம் சுலபம். வெடி ஒரே அடி, சத்தத்தோடு, பெரும்பாலும் அதே நேரத்தில். நடுக்கம் நேரம் பார்க்காது. 2002-ல் வந்த நாட்டின் பூகம்ப வரைபடத்தில் சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். புதுக்கோட்டை இரண்டிலேயே, அதாவது ஆபத்து குறைந்த இடத்திலேயே, இருந்தது. பூமி சும்மாதான் இருக்கிறது. 50 கோடி வருஷம் மழை உரித்ததைவிட வேகமாக நாம் உரித்துக்கொண்டிருக்கிறோம். ரோட்டுக்கு ஜல்லி வேண்டும், வீட்டுக்கு எம்-சாண்ட் வேண்டும். நான் இருக்கிற மூன்றாவது மாடியும் ஏதோ ஒரு பாறைதான், நான் யோக்கியம் பேச முடியாது. ஆனால் அனுமதிக்கு மேல் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்கிறவனுக்கு என்ன ஆகிறது? 2025 ஜனவரி 17-ல், இந்தத் தாலுகாவில் சட்டவிரோதக் கல்குவாரிகள் மேல் புகார் மேல் புகார் கொடுத்துவந்த ஒரு முன்னாள் கவுன்சிலர், இரு சக்கர வண்டியில் போகும்போது லாரி மோதிச் செத்தார். விபத்து இல்லை, கொலை என்று குவாரி உரிமையாளர்கள் உள்படக் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அவர் அடிபட்டதும் ஒரு ரோட்டில்தான். அதைச் சொல்லும்போது தங்கச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், சொந்த வீட்டுக்குள்ளேயே.

ராத்திரி சாப்பாடு முடிந்து பையன் தூங்கப் போய்விட்டான். திண்ணையில் நாங்கள் இருவர் மட்டும். இருபது வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்றைக்குச் சொன்னேன். 6.36, போன், குளிச்சிட்டு வாங்க, எல்லாவற்றையும்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. கொல்லையில் இன்னும் கிடக்கிற அந்த '11 மைல்' கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னாக் கேக்குற ஆளாண்ணே?" என்றாள். "தண்ணி ஜில்லுனு கெடக்கும், நெஞ்சுச் சளி, எறங்காதீகன்னு அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டுச்சாம். அதையே கேக்கல."

"நான் சொல்லியாவது இருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பிறகு, "அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். 6.36. மெதுவான ஆட்டம். வெகு நேரம். அதற்குக் கீழே, 'சித்தப்பா - தெரியவில்லை என்றார்.'

"அப்பா வேற ஒண்ணும் பேசலையாண்ணே?"

"ரோடு நல்லாப் போட்டிருக்கான்னார். திருத்துறைப்பூண்டி தாண்டி. ரோலர் ஒழுங்கா ஓடியிருக்குன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அதையும் எழுதுங்க" என்றாள்.